கார்காயில்: தண்ணீர் துப்பினால்தான் அந்தப் பெயர்

பாரிஸ் நோத்ரு தாம் தேவாலயம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கன்னத்தில் கைகளை முட்டுக்கொடுத்து, நாக்கை நீட்டிக்கொண்டு நகரத்தை வேடிக்கை பார்க்கும் அந்தக் கொம்பு வைத்த கற்பூதம்தான். படத்துக்குக் கீழே ‘கார்காயில்’ என்று போட்டிருப்பார்கள். கார்காயில் என்றால் கூரை மழைநீரை வாய்வழியே துப்பும் கல்விலங்கு. இந்தப் பூதம் கார்காயிலே இல்லை.

கார்காயில் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சில் கார்கூய். அடிப்பொருள் தொண்டை. ஆங்கிலத்தில் தொண்டை கொப்பளிப்பதைச் சொல்லும் ‘கார்கிள்’ இதற்குப் பங்காளி. இரண்டிலும் கேட்பது, தொண்டைக்குள் நீர் கரகரக்கும் ஓசை. பிரான்சின் ரூவான் நகரத்தை ஆட்டிப்படைத்த டிராகனின் பெயர் என்று ஒரு கதையும் உண்டு. அது கிடக்கட்டும்.

கூரையில் விழும் மழைநீர் சுவரோடு வழிந்தால் கல்லிடுக்குச் சுண்ணச்சாந்து அரிபட்டுப் போகும். அதனால் கல்விலங்கின் முதுகில் வாய்க்கால் வெட்டி, நீரைத் தொண்டை வழியாக விட்டு, சுவரைத் தொடாமல் தள்ளித் துப்பவைத்தார்கள். அதற்குத்தான் அவ்வளவு நீளக் கழுத்து.

கன்னத்தில் கைவைத்த பூதம் ஒரு சொட்டு நீரும் துப்பாது. அது வியோலே-லெ-தூக் (1814–1879) என்ற கட்டடக் கலைஞரின் கற்பனை. லாஸ்யூ என்பவரோடு சேர்ந்து 1844இல் நோத்ரு தாம் திருப்பணியைப் பெற்றவர், கோபுர மாடத்தில் இப்படி 54 உருவங்களை வைத்தார். இவை கிமேராக்கள், அதாவது அலங்காரத்துக்கு மட்டுமான கற்பனை விலங்குகள். பழையவை என்று நாம் மயங்கும் அளவுக்குப் பொருந்திவிட்டன. அவருக்குக் குழப்பம் கிடையாது: தம் 10 தொகுதிக் கட்டடக்கலை அகராதியில் கார்கூய்க்குத் தனிப் பதிவே எழுதி, முதலில் தோன்றியது 1220 வாக்கில் பிரான்சின் லான் நகரத் தேவாலயத்தில் என்கிறார்.

சரி, கார்காயிலைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘கோமுகி’ என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அது கருவறை அபிஷேக நீர் வெளியேறும் வழி, மழைநீருக்கானது அல்ல. இலங்கை மலையகத்தில் ஊற்றுநீர் கொட்டும் வாயைப் பீலி என்பார்கள். நல்ல சொல், ஆனால் விலங்கு இல்லை. என் ஓட்டு, நீர் ஓடும் துளைவழியைக் குறிக்கும் ‘தூம்பு’க்கு. ஏரி மதகின் குமிழித் தூம்பில் இருப்பது அந்தச் சொல்தான். உள்ளே துளையுள்ள யானைத் துதிக்கையையும் சங்கப் புலவர்கள் ‘தூம்புடைத் தடக்கை’ என்றார்கள். விலங்கும் நீர்வழியும் ஒரே சொல்லில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. எனவே கார்காயில், விலங்குத் தூம்பு. கிமேராவுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம்: சிங்க உடலில் துதிக்கை ஒட்டிய யாளி நம்மிடம் இருக்கிறது.