‘டூர்மலே சிகரம்’ என்று ஒன்று இல்லை

ஜூலை பிறந்தால் போதும், நம் செய்திகளில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் ஏதாவது ஒரு சிகரத்தில் ஏறிவிடுவார்கள். ‘டூர்மலே சிகரத்தை எட்டினார்’, ‘கலிபியே சிகரத்தை வென்றார்’, ‘ஓபிஸ்க் சிகரத்தில் பின்தங்கினார்’. மூன்றும் சிகரம் அல்ல. மூன்றின் பெயருக்கும் முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் ‘கொல்’ என்று ஒரு சொல்லைப் போடுகிறார்கள். அதற்குத் தமிழில் பள்ளிக்கூடப் புவியியல் பாடத்திலேயே சொல் இருக்கிறது: கணவாய். கைபர் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

வேர்க்கதை சின்னது. லத்தீனில் கழுத்துக்குக் ‘கொல்லும்’ என்று பெயர். அதிலிருந்து பிரெஞ்சில் இரண்டு வடிவங்கள் வந்தன. உடம்பில் இருக்கும் கழுத்து ‘கூ’ ஆனது. சட்டைக் காலரும் மலைத்தொடரின் தாழ்ந்த இடமும் ‘கொல்’ ஆயின. லத்தீனில் கொல்லும், பிரெஞ்சில் கொல் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் தமிழருக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். 1910-இல் முதன்முறையாகப் பந்தயத்தை டூர்மலே வழியாக விட்டார்கள். அந்த நாள் ஓட்டம் மட்டும் 300 கிலோமீட்டருக்கு மேல், அன்றைய மண்சாலையில். டூர்மலேயை முதல் ஆளாகக் கடந்த ஒக்தாவ் லாபீஸ், அடுத்து வந்த ஓபிஸ்கில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்து, பந்தய அதிகாரிகளைப் பார்த்துக் ‘கொலைகாரர்கள்’ என்று கத்தியதாகச் சொல்வார்கள். அவர் தமிழ் படித்ததில்லை. அந்த ஆண்டுப் பந்தயத்தையும் அவரே வென்றார்.

சரி, சிகரத்துக்கு வருவோம். கையை மடக்கி முஷ்டி பிடித்துப் பாருங்கள். விரல் மூட்டுகள் நான்கு மேடாக நிற்கும். அவை சிகரங்கள். இரண்டு மூட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதே, அதுதான் கொல். மூட்டு வழியாக விரலை ஓட்டினால் அந்த இடம் தாழ்வு. புறங்கையிலிருந்து விரல் பக்கமாக இறங்கப் பார்த்தால் அதே இடம்தான் கடக்க வேண்டிய மேடு. முகட்டோடு நடப்பவனுக்குப் பள்ளம், பள்ளத்தாக்கிலிருந்து வருபவனுக்கு உச்சி. இந்த இரட்டைத்தன்மை இல்லாத எந்தச் சொல்லும் கொல்லுக்குப் பொருந்தாது. கழுதையோட்டியானாலும் சாலை போடும் பொறியாளரானாலும் மலையைத் தாண்ட நினைப்பவர் தேடுவது மிகத் தாழ்ந்த இடத்தைத்தான். சிகரத்தின் மேல் வழி போட யாருக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை.

டூர்மலேயின் உயரம் 2,115 மீட்டர். பக்கத்திலேயே பிக் தியு மிதி என்ற சிகரம், வானாய்வகத்தோடு, 2,800 மீட்டருக்கு மேல் நிற்கிறது. தலைக்கு மேல் அவ்வளவு பெரிய சிகரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கீழே சாலையில் நிற்பவரைச் ‘சிகரத்தில் இருக்கிறார்’ என்றால் என்ன பொருள்? கலிபியே 2,642 மீட்டர். அதற்கும் மேலே பெரிய கலிபியே என்ற நிஜச் சிகரம் 3,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்தால் தெரியும். பார்ப்பதில்லை.

இது வெறும் பொருள் பிழையும் அல்ல, பந்தயமே புரியாமல் போகிறது. வீரர் சேன்ட் மரி தெ காம்பான் கிராமத்திலிருந்து 17 கிலோமீட்டர் ஏறி, உச்சியைத் தாண்டி, மறுபக்கம் பரேஜ் ஊர் வழியாக இன்னொரு பள்ளத்தாக்கில் இறங்குகிறார். கணவாய் என்றால் இந்த ஏற்றமும் இறக்கமும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. சிகரம் என்றால், ஏறியவர் ஏன் உடனே எதிர்ப்பக்கம் தலைதெறிக்க இறங்குகிறார் என்று வாசகர் விழிப்பார். ஆல்ப்ஸில் ஜெனீவா ஏரிக்கரையிலிருந்து மத்தியதரைக் கடல் வரை போகும் நீண்ட மலைச்சாலை ஒன்று உண்டு. கணவாய் மேல் கணவாயாக, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குத் தாண்டித் தாண்டிப் போவதுதான் அந்த வழியின் சாரம். 1937-இல் இசெரான் கணவாய்ச் சாலை திறந்த பிறகே தொடர் முழுமையானது. ‘பல சிகரங்களைத் தொட்டுச் செல்லும் சாலை’ என்று எழுதினால் அது மலையேறும் குழுவின் விளம்பரம் போல இருக்கிறது.

அப்புறம், கொல்லை ‘மலைக்கழுத்து’ என்று மொழிபெயர்ப்பவர்கள். இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் சிகரக்காரர்கள் கவனக்குறைவால் தவறு செய்கிறார்கள், மலைக்கழுத்துக்காரர்கள் படித்துவிட்டுத் தவறு செய்கிறார்கள். லத்தீனில் கழுத்து, ஆகவே தமிழிலும் கழுத்து என்பது அவர்கள் கணக்கு. ஒரு சொல்லின் வேரை மொழிபெயர்ப்பது வேறு, சொல்லை மொழிபெயர்ப்பது வேறு. மலை ஏறும் பிரெஞ்சு விவசாயி கொல் என்று சொல்லும்போது அவர் மனதில் எந்தக் கழுத்தும் இல்லை. கழுத்துக்குத்தான் அவரிடம் ‘கூ’ இருக்கிறதே. அவர் நினைப்பது அந்தத் தாண்டும் இடத்தை. அந்த இடத்தை நம் ஊர்க்காரர் எப்படிச் சொல்வார் என்பதுதான் கேள்வி.

‘மலைக்கழுத்து’ என்று கேட்டவுடன் தமிழ்க் காதுக்கு என்ன தோன்றும்? தலைக்குச் சற்றுக் கீழே, உச்சியை ஒட்டிய சரிவு. அதாவது ஒரே மலையின் ஒரு பாகம். கொல் ஒரு மலையின் பாகமே அல்ல, இரண்டு மலைகளுக்கு நடுவில் இருப்பது. ஆகச் சொல் தூயதாக இருக்கிறது, படம் தப்பாக இருக்கிறது. எனக்குத் தூய்மையில் பகை இல்லை. ஆனால் ஏற்கெனவே தமிழான ஒரு சொல் கையில் இருக்கும்போது புதிதாகச் செய்வது தூய்மை ஆகாது, அது தச்சு வேலை ஆசை. கணவாய் நம் வீட்டுச் சொல். கன்னடத்தில் கணிவெ, தெலுங்கில் கனும என்று உறவுக்காரர்களும் இருக்கிறார்கள். தெலுங்கர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே ‘பச்சிம கனுமலு’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று நியாயமாகவே வரும். பாலக்காட்டுக் கணவாய் ரயிலும் லாரியும் சாவகாசமாகப் போகும் அகலமான வெளி. கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர்கூட உயரம் இல்லை. கணவாய் என்றால் நமக்கு அதுதான் நினைவுக்கு வரும், நாக்குத் தள்ள மிதித்து ஏறும் இடம் வராது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், பாலக்காடு கொஞ்சம் அசாதாரணமான கணவாய். ஆனால் செங்கோட்டையிலிருந்து புளியரை வளைவுகளில் முனகிக்கொண்டு ஆரியங்காவுக்கு ஏறும் சரக்கு லாரியைப் பார்த்தவர், கணவாயில் ஏற்றம் இல்லை என்று சொல்ல மாட்டார். ஏற்றத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘கணவாய் ஏற்றம்’ என்று சொல்லலாம், உச்சியைச் சொல்லக் ‘கணவாய் உச்சி’ இருக்கிறது. கடற்கரைக்காரர்களுக்குக் கணவாய் என்றதும் கணவாய் மீன் வறுவல் நினைவுக்கு வரும் என்பதையும் மறைக்கவில்லை. திங்கள் என்றால் நிலவா கிழமையா என்று குழம்பாதவர்கள் இதிலும் குழம்ப மாட்டார்கள்.

நல்ல மொழிபெயர்ப்புக்கு அதே சாலையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. திரும்பித் திரும்பி ஏறும் வளைவுகளைப் பிரெஞ்சில் ‘லாசே’ என்கிறார்கள், ஷூ கயிறு என்று பொருள். நாம் ஷூ கயிற்றைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போகும் பஸ்ஸில் எல்லாரும் சொல்லும் ‘கொண்டை ஊசி வளைவு’ அப்படியே பொருந்துகிறது. ஆல்ப் துவேஸ் ஏற்றத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள் என்று எழுதினால் நாமக்கல்காரருக்கு விளக்கமே வேண்டாம்.

கொல்லைச் சிகரமாக்குவதில் இன்னொரு நஷ்டம், நிஜச் சிகரத்துக்குச் சொல் இல்லாமல் போவது. பொனெத் என்ற இடத்தில் கணவாய் 2,715 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சாலை ‘சீம்’ எனப்படும் சிகரத்தைச் சுற்றி 2,802 மீட்டர் வரை போய்த் திரும்புகிறது. இசெரான் கணவாய் அதைவிடத் தாழ்வு, ஆனால் பொனெத் கணவாயைவிட உயரம். ஆல்ப்ஸில் உயரமான சாலை எது என்ற வாக்குவாதம் முழுக்கக் கணவாய்க்கும் சிகரத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. இரண்டுக்கும் சிகரம் என்று போட்டு ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். நூறு வெவ்வேறு கொல்களைக் கடந்த சைக்கிள்காரர்களுக்கென்றே பிரான்ஸில் ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களிடம் போய் நூறு சிகரம் ஏறினீர்களா என்று கேட்டால் வருத்தப்படுவார்கள்.

பிரனீஸ் மலைத்தொடர்ப் பக்கம் கணவாய்க்குப் ‘போர்’ என்றும் ஒரு சொல் உண்டு. துறைமுகத்துக்கும் பிரெஞ்சில் அதே எழுத்துகள்தான். ‘பைலேர் துறைமுகத்தில் கடும் போட்டி’ என்று ஒரு தொகுப்பில் படித்தேன். பைலேர் 2,001 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எந்தக் கப்பல் வந்தது என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் பெயரைப் பார்த்து, அகராதியில் முதல் பொருளை எடுத்து, அடுத்த வரிக்குப் போய்விடுகிற பழக்கம் இது. கூலி வார்த்தைக்கு இவ்வளவு என்று கணக்காகும்போது வரைபடம் யார் விரிப்பார்கள் என்பதும் உண்மைதான்.

தெற்குப் பிரான்ஸின் பிரோவான்ஸில் மோன் வென்டூ இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மொட்டை மலை, உச்சியில் கோபுரம், சாலை நேராக அந்தக் கோபுரத்தடி வரைக்கும் போகிறது. பிரெஞ்சுக்காரர்களே அதைக் கொல் என்பதில்லை, மோன் என்றுதான் சொல்கிறார்கள், மலை. இங்கே தாராளமாகச் சிகரம் என்று எழுதலாம். போன ஜூலையில் நான் தேடித் தேடிக் கணவாய் என்ற சொல்லைச் செய்தியில் பார்த்த ஒரே இடமும் இதுதான்: ‘வென்டூ கணவாயில் பரபரப்பு’.