‘அச்சச்சோ’ வேண்டாம், பணம் எங்கே என்று சொல்லுங்கள்

மகளின் தேர்வுக் கட்டணம் 1,250 ரூபாய். அப்பா போனில் கட்டுகிறார். திரையில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு கார்ட்டூன் பொம்மை, அதற்குக் கீழே: “அச்சச்சோ! ஏதோ தப்பாகிவிட்டது. மீண்டும் முயலவும்.” முயல்கிறார். மறுபடியும் அச்சச்சோ. இன்னொரு தடவையும் முயல்கிறார். ராத்திரி பேங்க் மெசேஜைப் பார்த்தால் 3,750 ரூபாய் போயிருக்கிறது.

ஆப்களின் திரையில் வரும் வாசகங்களை எழுதுவது என் வேலை. பட்டன், எச்சரிக்கை, ஓடிபி பெட்டிக்குக் கீழே வரும் இரண்டு வரி, எல்லாம்தான். இந்த ரகப் புகார் எனக்குப் புதிதில்லை. எரிச்சலைக் கிளப்பியது, அதற்கு ஆப் தரப்பில் சொன்ன பதில்: “மெசேஜ் ஃபிரெண்ட்லியாத்தானே இருக்கு?”

இல்லை. இந்தத் தப்பெண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழமையாக எழுதுங்கள் என்றால் பலர் புரிந்துகொள்வது ஓர் ஆச்சரியக்குறி, ஒரு எமோஜி, ஒரு சினிமா வசனம், முடிந்தால் ஒரு ‘மக்கா’. பிரியாணி ஆர்டர் கிளம்பிவிட்டது என்று சொல்லும்போது இதெல்லாம் சரி, எனக்கும் பிடிக்கும். காப்பீட்டு கிளைம் நிராகரிக்கப்பட்டதை அதே குரலில் சொல்வீர்களா? பணம் சிக்கிக்கொண்ட மனிதருக்குச் சிரிப்பு காட்டுவது தோழமை இல்லை, அலட்சியம். பேங்க் கவுண்டரில் ஒரு நல்ல கிளார்க் என்ன செய்வார்? “உங்க அக்கவுன்ட்ல இருந்து போயிருக்குங்க, அந்தப் பக்கம் இன்னும் சேரல. மறுபடி கட்டிடாதீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. ஆனாலும் வெளியே வரும்போது நமக்குத் தெம்பாக இருக்கும். எழுத்தில் வேண்டியது அந்தத் தெம்புதான். என்ன நடந்தது, என் பணம் எங்கே, நான் இப்போது என்ன செய்யணும் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால், கட்டாந்தரை மாதிரி எழுதினாலும் அது தோழமைதான். பதில் இல்லை என்றால் பொம்மை குட்டிக்கரணம் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

அந்த அப்பாவின் கதைக்கு வருகிறேன். பணப் பரிமாற்றத்துக்கு மூன்று நிலை உண்டு: முடிந்தது, முடியவில்லை, இன்னும் தெரியவில்லை. முதல் இரண்டுக்கும் எல்லோரும் வாசகம் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதை ‘முடியவில்லை’ கணக்கில் தள்ளிவிட்டு மீண்டும் முயலச் சொல்வதுதான் இந்தத் தொழிலிலேயே எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான ஒரு வரி. அன்று நடந்ததும் அதுதான். கட்டணம் முதல் தடவையே கல்லூரிக் கணக்கில் சேர்ந்துவிட்டது, உறுதிப்படுத்தும் பதில்தான் தாமதம். பணம் நடுவழியில் நின்றிருந்தால்கூடத் தானாகத் திரும்பியிருக்கும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, யுபிஐ-யில் கணக்கிலிருந்து எடுத்த பணம் வியாபாரிக்கு உறுதியாகவில்லை என்றால் அடுத்த 5 நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்புவது என்றால் மறுநாளுக்குள். அதற்கு மேல் இழுத்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் இங்கே மூன்று தொகையும் போய்ச் சேர்ந்துவிட்டனவே! இனி அவர் லீவு போட்டுக் கல்லூரி ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்து அலைய வேண்டும்.

அந்த இடத்தில் வந்திருக்க வேண்டியது இது:

“பணம் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. உங்கள் கணக்கிலிருந்து ₹1,250 போயிருக்கலாம். இப்போது மறுபடி கட்ட வேண்டாம். பணம் சேராவிட்டால் 5 நாட்களுக்குள் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும்.” கீழே 12 இலக்க யுடிஆர் எண் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்), பக்கத்திலேயே அதை நகலெடுக்க ஒரு பட்டன்.

“இவ்வளவு நீளமா? யாரும் படிக்க மாட்டாங்க” என்பார்கள். பணம் மாட்டிக்கொண்டவர் படிப்பார், ஐயா. சந்தேகமே வேண்டாம். படிக்காமல் தாண்டிப் போவது, படிக்க ஒன்றுமில்லாத இடங்களைத்தான்.

அடுத்து பட்டன்கள். “ஆர்டரை ரத்து செய்யவா?” என்று கேட்டுவிட்டுக் கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பட்டன் வைத்தவரை நான் நேரில் பார்க்க வேண்டும். ‘ரத்து’ என்றால் ஆர்டர் ரத்தா, இந்தக் கேள்வி ரத்தா? பட்டனை மட்டும் தனியாகப் படித்தாலும் அழுத்தினால் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும். ‘ஆர்டரை ரத்து செய்’, ‘ஆர்டர் இருக்கட்டும்’. முடிந்தது. (‘செய்’ என்பது மரியாதைக் குறைவு, ‘செய்யவும்’ என்று போடுங்கள் என்று மாதம் ஒருவராவது சண்டைக்கு வருகிறார்கள். பட்டனில் இருப்பது வாடிக்கையாளர் மெஷினிடம் பேசும் பேச்சு. மெஷினுக்கு எதற்கு மரியாதை? நாம் அவரிடம் பேசும் வரியில் ‘ங்கள்’ இல்லாவிட்டால் அப்போது என்னைத் திட்டுங்கள்.)

இன்னொரு தலைவலி, இடைவெளியில் பெயரைச் சொருகுவது. ஆங்கில வாசகத்தின் எலும்புக்கூட்டில் தமிழை மாட்டினால் ‘மீனாக்கு ₹500 அனுப்பப்பட்டது’, ‘மதுரைஇல் டெலிவரி’ என்றெல்லாம் திரையில் வரும். வேற்றுமை உருபை ஒட்டும் வேலையை டெவலப்பர் தலையில் கட்டாதீர்கள், பாவம். வாக்கியத்தையே மாற்றிவிடலாம். ‘பெறுபவர்: மீனா. தொகை: ₹500.’ ‘டெலிவரி ஊர்: மதுரை.’ உருபே தேவையில்லை.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவங்கள். நம்மில் பாதிப் பேருக்கு இனிஷியல்தான். கே என்று ஓர் எழுத்தைப் போட்டால் சிவப்பில் ‘செல்லாத பெயர்’ என்று வரும். அப்பா பெயரின் முதல் எழுத்து எப்படிச் செல்லாமல் போகும்? வாசகத்தை எப்படி மெருகேற்றினாலும் இந்தத் தப்பு மறையாது. அந்தப் பெட்டியைக் கட்டாயமில்லை என்று மாற்றுங்கள், ஓர் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எழுத்தால் தீராத விஷயங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். யுபிஐ-யில் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையில் மோசடிக்காரன் “உங்கள் ரீஃபண்ட் ₹5,000” என்று குறிப்பு எழுதுவான். அது ஆப்பே சொல்வதுபோல் திரையில் தெரியும். பணம் வரப்போகிறது என்று நம்பி PIN நம்பரைப் போட்டவர்கள் எத்தனையோ பேர். பணம் வருவதற்கு PIN நம்பர் தேவையே இல்லை, அனுப்பத்தான் வேண்டும் என்று எச்சரிக்கை வரி போட்டுப் பார்த்தும் ஏமாறுவது நிற்கவில்லை. கடைசியில் தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் கோரிக்கையையே 2025 அக்டோபரில், யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அமைப்பு நிறுத்தியது. சரியான முடிவு. ஆனால் பாடம் அப்படியே இருக்கிறது. அந்நியர் எழுதியதையும் ஆப் எழுதியதையும் ஒரே எழுத்துருவில், ஒரே இடத்தில் காட்டாதீர்கள். ‘அனுப்பியவர் எழுதியது’ என்று மேலே ஒரு வரியாவது போடுங்கள்.

தோழமைக் குரலில் வாடிக்கையாளரைக் குத்திக்காட்டுவது வேறு ரகம். விமான டிக்கெட்டில் இன்சூரன்ஸ் வேண்டாம் என்பவரை ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்ற பட்டனை அழுத்தவைப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று, உதாரணமே இதுதான். மார்க்கெட்டிங் நண்பர்களே, ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் போதும்.

டெவலப்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘கன்டென்ட் மட்டும் பாக்கி, சாயங்காலத்துக்குள்ள கொடுத்திடுங்க’ என்று எங்களைக் கடைசி நாளில் கூப்பிடாதீர்கள். என்னென்ன விதத்தில் ஒரு வேலை தோற்றுப்போகலாம் என்ற பட்டியலை முதலிலேயே கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசகம் வேண்டும். PIN நம்பர் தப்பு, கணக்கில் பணம் இல்லை, பேங்க் சர்வர் படுத்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஏதோ தப்பு’ என்றால், வாடிக்கையாளர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். எழுதியதை டாக்பேக் (பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஆண்ட்ராய்டு வசதி) வைத்து ஒரு தடவை காதால் கேளுங்கள். வெறும் படத்தை ஒட்டி வைத்த இடத்தில் அது ‘பட்டன், பட்டன்’ என்று புலம்பும்.

ஆப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. கட்டணம் தொங்கிக்கொண்டிருக்கும்போது திரை என்ன சொன்னாலும் முதலில் பேங்க் கணக்கைப் பாருங்கள், அப்புறம்தான் அடுத்த முயற்சி. யுடிஆர் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிலும் வங்கியிலும் புகார் பதிந்து, வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.