வி.ஆர்.எஸ்.ஸா, சம்பளமில்லா விடுப்பா? கேபின் க்ரூ கையெழுத்துப் போடும் முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சேலம் அம்மாப்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வாங்கிப் போன தட்டுவடை செட்டை யாரும் தொடவில்லை. பெங்களூரிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். ஒரு விமான நிறுவனத்தில் 12 வருடமாகக் கேபின் க்ரூ, அதாவது விமானப் பணிப்பெண். கம்பெனி அனுப்பிய மெயிலைத் திறந்து செல்போனை என் பக்கம் தள்ளினாள். ஆள் அதிகமாக இருக்கிறது. விருப்ப ஓய்வில் (வி.ஆர்.எஸ்.) போகலாம், இல்லையென்றால் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம். போதுமான பேர் முன்வராவிட்டால் ஆட்குறைப்பு செய்ய வேண்டியிருக்கும். பத்து நாளுக்குள் பதில் சொல்லுங்கள். இதுதான் அதன் சாரம். "அக்கா, லீவுதான் சேஃப்னு எல்லாரும் சொல்றாங்க. டிக் பண்ணிடட்டுமா?" என்றாள்.

வரிக்கணக்கு பார்ப்பது என் தொழில். அன்றைக்குப் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை, அவள் அனுமதியோடு, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் 'லே-ஆஃப்' என்கிறோம். நம் சட்டத்தில் லே-ஆஃப் என்றால் வேலை கொடுக்க முடியாமல் தற்காலிகமாக உட்கார வைப்பது. ஆள் பதிவேட்டிலேயே இருப்பார். நிரந்தரமாக அனுப்பினால் அது ஆட்குறைப்பு. லே-ஆஃப் காலத்துக்குப் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்ற விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டும்தான். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதியும் அப்படியே. அதுவும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும். அதாவது இரும்பாலை, மாக்னசைட் சுரங்கம், ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் போன்ற இடங்களுக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு விமான நிறுவன ஊழியருக்கு இல்லை. விமான நிறுவனம் அரசைக் கேட்காமலே ஆட்குறைப்பு செய்யலாம். அதனால்தான் கையில் இருக்கும் மற்ற உரிமைகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்த ஆட்குறைப்பு என்ன தரும்? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த கணக்குத்தான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை அனுப்ப வேண்டுமானால் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. பொதுவாகக் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். பிறகு ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவர்களுக்கு முன்னுரிமை. புதிய தொகுப்பில், மறுதிறன் பயிற்சி நிதிக்கு நிறுவனம் 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும். அந்தப் பணம் 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். கேபின் க்ரூ இந்தச் சட்டப்படி தொழிலாளிதான். மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் மட்டும் நிறுவனம் 'நீங்கள் தொழிலாளி இல்லை' என்று வாதாடக்கூடும். அப்போதும் பதவிப் பெயரை விட, தினமும் செய்யும் வேலைதான் கணக்கு.

சித்தி மகளின் அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். 15 நாள் என்றால் 25,000. 12 வருடத்துக்கு 3 லட்சம். கூடவே மறுதிறன் நிதி 25,000. இதைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டேன். நிறுவனம் எது கொடுத்தாலும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்து, ஆட்குறைப்பு வந்தாலும் சட்டம் தரும் தொகை இது.

இனி வி.ஆர்.எஸ். தானாக விரும்பி ஓய்வு பெற்றால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் 15 நாள் இழப்பீடு, திரும்ப எடுக்கும்போது முன்னுரிமை இரண்டும் போய்விடும். அதற்குப் பதில் நிறுவனம் தரும் தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று தனியார் துறைக்குச் சட்டத்தில் அளவு கிடையாது. அளவுகோலுக்கு ஒன்று சொல்கிறேன். சித்தப்பா பி.எஸ்.என்.எல். ஊழியர். 2019-இல் அறிவித்த வி.ஆர்.எஸ்.ஸில், சுமார் 78 ஆயிரம் பேரோடு 2020 ஜனவரி 31 அன்று வெளியே வந்தவர். அவர்களுக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வு வயது வரை மீதமிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம் என்று கணக்கு. பீரோவிலிருந்து மஞ்சள் பையை எடுத்து அந்தத் தாள்களை மேஜையில் பரப்பினார். அதே சூத்திரத்தை மகளுக்குப் போட்டால், 12 வருடத்துக்கு 420 நாள், 58 வயது வரை மீதி 22 வருடத்துக்கு 550 நாள், மொத்தம் 970 நாள். ஏறத்தாழ 16 லட்சம். அவளுடைய கம்பெனி சொன்னது வருடத்துக்கு இரண்டு மாத அடிப்படைச் சம்பளம். அதாவது 12 லட்சம்.

பன்னிரண்டு லட்சம் என்றதும் சித்தி நிமிர்ந்து பார்த்தார். ஆனால் கேபின் க்ரூ வாங்கும் சம்பளத்தில் பெரிய பங்கு பறக்கும் நேரத்துக்கான படி. அடிப்படைச் சம்பளத்தில் அது சேராது. அவள் கையில் மாதம் வருவது ஏறக்குறைய ஒரு லட்சம். ஆக இந்த 12 லட்சம் அவளுக்கு ஒரே ஒரு வருட வருமானம்.

வரி விஷயம். வி.ஆர்.எஸ். தொகையில் 5 லட்சம் வரை வரி இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தில் இது 10(10சி) பிரிவு. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் மாறுகிறது. பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டிலும் இந்த விலக்கு உண்டு. ஆனால் வாழ்நாளில் ஒரே முறைதான். ஊழியருக்கு 10 வருடப் பணியோ 40 வயதோ முடிந்திருக்க வேண்டும். திட்டம் எல்லாப் பிரிவு ஊழியருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். காலியான இடத்தை நிரப்பக் கூடாது. விலகியவரை அதே நிர்வாகத்தின் கீழுள்ள வேறு கம்பெனியிலும் சேர்க்கக் கூடாது. ஒரே குழுமம் இரண்டு விமான நிறுவனம் நடத்தும் காலம் இது. 'இங்கே விட்டுவிட்டு அங்கே சேர்ந்துகொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீதி 7 லட்சம் அந்த வருட வருமானத்தோடு சேரும்.

வி.ஆர்.எஸ். வேறு, ராஜினாமா வேறு. ஹெச்.ஆர். போர்ட்டலில் விலகுவதற்கு 'ராஜினாமா' என்ற ஒரே பொத்தான் இருந்தால் அதை அழுத்தாதீர்கள். திட்டத்தின் பெயரும் தேதியும் இருக்கும் விண்ணப்பத்தில்தான் கையெழுத்து. வெறும் ராஜினாமாவாகப் பதிவானால் திட்டத் தொகைக்கும் வரி விலக்குக்கும் அலைய வேண்டிவரும். விண்ணப்பம் கொடுத்த பிறகு மனம் மாறினால்? வங்கி ஊழியர்களின் வி.ஆர்.எஸ். பற்றிய வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், விண்ணப்பம் என்பது ஊழியர் முன்வைக்கும் கோரிக்கைதான், நிர்வாகம் ஏற்கும் முன் திரும்பப் பெறலாம் என்று சொன்னது. ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த பின் அந்தக் கதவு மூடிவிடும்.

எந்த வழியில் வெளியே வந்தாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி வருடத்தால் பெருக்க வேண்டும். அவளுக்கு 3,46,154 ரூபாய். 20 லட்சம் வரை வரி இல்லை. 30 நாளுக்குள் தர வேண்டும். இதை வி.ஆர்.எஸ். தொகைக்குள் அடக்கிக் காட்டும் கடிதங்கள் உண்டு. இது தனி என்று எழுதி வாங்குங்கள். ஐந்து வருடம் முடிய வேண்டும் என்பது விதி. நம் மாவட்டத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய மேட்டூர் பியர்ட்செல் வழக்கில், ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் க்ரூவுக்குப் பெரும்பாலும் வி.ஆர்.எஸ். பொருந்தாது. ஆனால் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி ஒரு வருடம் முடிந்தாலே அவர்களுக்கு விகிதப்படி கிராஜுவிட்டி உண்டு. மீதமிருக்கும் விடுப்பைக் காசாக்கினால் 25 லட்சம் வரை வரி விலக்கு உண்டு. மாதக் கணக்கில் வேறு வரம்புகளும் இருக்கின்றன.

இப்போது எல்லாரும் 'சேஃப்' என்று சொன்ன சம்பளமில்லா விடுப்பு. வேலை நிலைக்கும், பதவி மூப்பு பெரும்பாலும் தொடரும், அனுமதி பெற்ற விடுப்பு என்பதால் கிராஜுவிட்டிக்குப் பணி முறிவு ஆகாது. இவை நல்லவை. ஆனால் சம்பளம் இல்லாத மாதத்துக்கு பி.எஃப். பங்களிப்பு இல்லை. பென்ஷன் திட்டத்துக்குத் தேவையான பத்து வருடத்தை நெருங்குபவர்கள் அது தள்ளிப்போவதைக் கணக்கில் வைக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் முதல்முறையாகச் சேர்ந்தவர்கள் அந்தத் திட்டத்திலேயே இருக்க மாட்டார்கள். பாஸ்புக்கில் பென்ஷன் கட்டத்தைப் பாருங்கள்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவளுக்கு ஒரு பெண் குழந்தை. இரண்டாவது குழந்தைக்கு இந்த ஒரு வருடம் வசதி என்று நினைத்திருந்தாள். பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருந்தால்தான் 26 வார மகப்பேறு ஊதியம் கிடைக்கும். சம்பளத்தோடு கூடிய விடுமுறை அந்த 80 நாளில் சேரும். சம்பளமில்லா விடுப்பு சேராது. வருடம் முழுக்க வீட்டில் இருந்துவிட்டு அந்த முடிவில் பிரசவம் என்றால், ஆறு மாதச் சம்பளம் கையை விட்டுப் போகும். இதைச் சொன்னபோது அவள் செல்போனைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. இதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

விடுப்புக் கடிதத்தில் முடியும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஜூலையில், அப்போது அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியா கொண்டுவந்த விடுப்புத் திட்டத்தில் ஆறு மாதம் அல்லது இரண்டு வருடம், ஐந்து வருடம் வரை நீட்டிக்கலாம் என்று இருந்தது. ஊழியர் கேட்காமலே அனுப்பவும் நிர்வாகத்துக்கு அதிகாரம் இருந்தது. நீட்டிப்பு யார் கையில் என்பதே இங்கே கேள்வி. திரும்பி வரும்போது மறுபயிற்சிச் செலவு யாருடையது, இடையில் மருத்துவக் காப்பீடு தொடருமா, விடுப்பில் இருக்கும்போது ஆட்குறைப்பு வந்தால் எந்த மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள், இந்த மூன்றையும் மெயிலில் கேளுங்கள். போனில் சொன்னது சாட்சிக்கு ஆகாது.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது தாண்டியவர், கையில் வேறு வேலையோ தொழிலோ தயாராக இருப்பவர், 15 நாள் கணக்கைப்போல் மூன்று மடங்காவது கிடைத்தால் வி.ஆர்.எஸ்.ஸை யோசிக்கலாம். ஏர் இந்தியா தனியார் கைக்குப் போன பின் 2022 ஜூனில் வந்த திட்டத்தில்கூட மற்ற நிரந்தர ஊழியருக்கு 55 வயது என்றிருக்க, கேபின் க்ரூவுக்கு 40 வயதிலேயே வாய்ப்பு தந்தார்கள். இளையவர்கள் தேதி குறித்த குறுகிய விடுப்பை எடுக்கலாம். விமானத் தொழில் எழுந்து விழுந்து எழும் என்பது சேலத்துக்குத் தெரியும். 2018 மார்ச்சில் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து ட்ரூஜெட் நிறுவன விமானம் சென்னைக்குப் பறந்தது, பிறகு நின்றது, 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் இறங்கியது. இரண்டில் எதையும் எடுக்காமல் இருப்பதும் உங்கள் உரிமை. விருப்பம் என்று எழுதியிருந்தால் அது விருப்பமாகத்தான் இருக்க வேண்டும்.

தகராறு என்று வந்தால், விமானப் போக்குவரத்துக்கு உரிய அரசு மத்திய அரசு. அதனால் மாநிலத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம். மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் அமைப்பில்தான் மனு, 'சமாதான்' தளத்தில் இணையவழியாகவும் கொடுக்கலாம். பி.எஃப். சந்தேகத்துக்குச் சேலத்திலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது சட்டம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கம்பெனி மெயில் மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஞாயிறு இரவு அவள் கம்பெனிக்கு மெயில் எழுதினாள். விடுப்பு ஆறு மாதம் போதும், முடியும் தேதியைக் குறிப்பிட வேண்டும், காப்பீடு தொடர வேண்டும் என்று கேட்டிருந்தாள். புதன்கிழமை பதில் வந்தது. ஆறு மாதத்துக்கும் தேதிக்கும் சரி என்றார்கள். காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதற்கு மட்டும் இன்னொரு மெயில் எழுதினாள். பதில் வரும் வரை கையெழுத்துப் போடவில்லை.