டோபர்மனைச் சங்கிலியில் வளர்க்காதீர்கள்

கடந்த ஆவணியில், இலங்கையின் வன்னியில் விசுவமடுப் பக்கத்து வீடொன்றிலிருந்து, நாயின் கழுத்தில் புண் வந்து புழு வைத்துவிட்டதாகவும் எவரும் கிட்டப் போக முடியவில்லை என்றும் சொல்லி, கால்நடை வைத்தியரான என்னை அழைத்தார்கள். முக்கால் ஏக்கர் வளவின் பின்மூலையில், வேப்பமரத்தோடு கட்டப்பட்டிருந்தது ஐந்து வயது ஆண் டோபர்மன். சங்கிலி எட்டும் தூரத்துக்கு மரத்தைச் சுற்றி நிலம் வட்டமாகத் தேய்ந்து, புல் பூண்டின்றிக் கிடந்தது. தனித்திருக்கும் தாய் தகப்பனுக்குக் காவலாக இருக்கட்டும் என்று, கனடாவிலுள்ள மகன் கொழும்பில் ஆள் பிடித்துக் குட்டியாக வாங்கிக் கொடுத்த நாய் அது. "பிள்ளை, இதை அவிட்டு விட்டால் ஆரையும் கடிச்சுப்போடும். அதாலதான் கட்டியே வைச்சிருக்கிறம்" என்றார் அந்த அம்மா. சோற்றுக் கோப்பையைக்கூடத் தடியால்தான் தள்ளி வைப்பார்களாம்.

நான் அந்த வட்டத்துக்கு வெளியே, நாய்க்குப் பக்கவாட்டில் திரும்பி, அதன் கண்ணைப் பார்க்காமல் நிலத்தில் அமர்ந்தேன். ஐயாவை ஒரு கதிரையில் வந்து இருக்கச் சொன்னேன். கால் மணி நேரம் குரைத்த பின் அது அடங்கியது. பின்னர் மெதுவாக வந்து, தன் முழு உடற்பாரத்தையும் ஐயாவின் முழங்காலில் சாய்த்து நின்றது. டோபர்மனோடு பழகியவர்களுக்கு இந்தச் சாய்வு நன்கு தெரியும்: தனக்குரிய மனிதனின் உடலில் ஒட்டி நிற்பது இந்த இனத்தின் பிறவிப் பழக்கம். ஐந்து வருடங்களாக அந்த நாய்க்கு அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. துணிப்பட்டியால் வாயைக் கட்டி, புழுக்களை எடுத்து மருந்திட்டு முடியும் வரை, அது ஐயாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்துக்குப் பின், பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் பெரிய வளவுக்குள் தனியாகவும் வாழும் வீடுகள் எங்கள் பகுதியில் பெருகியுள்ளன. களவுப் பயம் நியாயமானதே. அதற்கு நாய் வளர்ப்பதும் நியாயமானதே. ஆனால் கட்டி வைத்தால் நாய் மூர்க்கமாகும், மூர்க்கமானால் நல்ல காவல் என்ற கணக்கு டோபர்மனிடம் முற்றிலும் பிழைத்துப்போகிறது. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, இந்த நாய் எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜேர்மனியின் துரிங்கியா மாநிலத்து அப்போல்டா என்ற சிறு நகரில் வரி அறவிடுபவராக இருந்த கார்ல் பிரீட்ரிக் லூயிஸ் டோபர்மான், தெருநாய்களைப் பிடித்து அடைக்கும் காப்பகத்தையும் பார்த்துவந்தார். காசோடு தனியாக வீதியில் போகும்போது தன் பக்கத்திலேயே நடந்து தன்னைக் காக்கும் ஒரு நாய் அவருக்குத் தேவைப்பட்டது. அவர் 1894இல் இறந்த பின்னர் மற்றவர்கள் அந்த இனத்தைச் செப்பனிட்டார்கள். ஆகவே, நிலத்தைக் காப்பதற்கு முன்னர் ஆளைக் காப்பதற்காகவே பிறந்த நாய் இது. ஆட்டுப்பட்டியையோ தோட்டத்தையோ தனியே காத்து நிற்கும் இனங்களைப் போல, மனிதரை விட்டு ஒதுங்கி வாழும் மனம் அதற்கு இல்லை. வீட்டுக்குள் அறை அறையாக உங்கள் பின்னால் வரும். நீங்கள் குசினியில் நின்றால் வாசற்படியில் படுக்கும். உங்கள் குரல் சற்று உயர்ந்தாலே காதை மடக்கிக்கொள்ளும். இத்தனை நுண்மையான மனம் கொண்ட பிராணியை மரத்தடியில் கட்டிவிட்டால், அது படலைக்கு வரும் ஒவ்வொருவரையும் ஓட முடியாத நிலையில் எதிர்கொள்கிறது. விலகிப் போக வழியில்லாத நாய்க்குக் கடிப்பதைத் தவிர வேறு வழி எஞ்சுவதில்லை. அந்தப் பயத்தைத்தான் நாம் வீரம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

மூளை வளரும்போது மண்டையோடு போதாமல், வலியில் வெறிபிடித்து, வளர்த்தவரையே டோபர்மன் கடித்துவிடும் என்ற கதையை மாதம் ஒருமுறையாவது யாராவது என்னிடம் கேட்கிறார்கள். அது முழுப் பொய். டோபர்மனின் மண்டையோட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டில் வளர்க்கலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. குட்டியிலிருந்து வீட்டாரோடு வளர்ந்த டோபர்மன், அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் வியக்கத்தக்க பொறுமையோடு நடந்துகொள்ளும். ஆனாலும் வளர்ந்த ஆண் நாய் 40 கிலோவைத் தாண்டும். தோள் உயரம் 70 சென்ரிமீற்றர் அளவுக்கு வரும். அன்பால் பாய்ந்தாலே மூன்று வயதுப் பிள்ளை விழுந்துவிடும். இதைவிட நான் அதிகம் கவனிக்கச் சொல்வது வேறொன்று. உங்கள் பிள்ளை அயல் பிள்ளையோடு முற்றத்தில் மல்லுக்கட்டி விளையாடிக் கத்தும்போது, அது விளையாட்டா சண்டையா என்று நாய்க்குத் தெரியாது; உங்கள் பிள்ளையைக் காக்க அது இடையில் புகக்கூடும். அயல் பிள்ளைகள் வந்தால் நாயை உள்ளே அறையில் விடுங்கள். வீட்டில் செத்தவீடோ சடங்கோ நடந்து ஆட்கள் குவியும்போதும், கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தும்போதும் அப்படியே செய்யுங்கள்.

குட்டியின் குணம் பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் இடையில் உருவாகிறது. அந்த நாட்களில் அது பலவகை மனிதரையும் ஓசைகளையும் பயமின்றிச் சந்திக்க வேண்டும்: சைக்கிளில் மீன் விற்பவர், உழவு இயந்திரம், சீருடையில் பள்ளிப் பிள்ளைகள், கோழி, மாடு, ஊன்றுகோலோடு வரும் முதியவர். தடுப்பூசிகள் முடியாத வயது என்பதால் தெருவில் நடக்க விடாமல், கையில் தூக்கியோ முச்சக்கரவண்டியில் வைத்தோ கொண்டுபோய்க் காட்டலாம். கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் தாக்கினால் டோபர்மன் குட்டிகள் மற்ற இனங்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்படுவதால், பதினாறு வாரம் வரை ஊசிகளில் ஒன்றையும் தவற விடக்கூடாது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். தாய் நாயை நேரில் பார்க்காமலும் வாங்காதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், ஏனெனில் கட்டி வைத்த நாய்க்கு அது தேவையில்லை என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடித்துப் பழக்குவது இந்த இனத்தைக் கெடுத்துவிடும். ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவையில் பிடித்துக்கொள்ளும் அறிவு அதற்கு உண்டு. அவித்த மீன் துண்டு கையிலிருந்தால், ஐந்து நிமிடப் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்தாலே போதும். உடலுக்கும் ஓட்டம் வேண்டும். ஆனால் வன்னி வெயிலில் காலை ஏழுக்கு முன்னரும் மாலை ஆறுக்குப் பின்னரும் மட்டும். தகரக் கூரையின் கீழ் மதியத்தில் கட்டப்பட்ட நாய்கள் வெப்பத் தாக்கத்தால் இறந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடிமயிர் இல்லாத மெல்லிய உடல் ஆதலால், மார்கழி மழையில் அதற்குக் குளிரும் தாங்காது; ஈரமில்லாத இடத்தில் இரண்டு சாக்கு மடித்துப் போடுங்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் பூசாதீர்கள். அவை தோலை எரிக்கும், நாய் நக்கினால் நஞ்சாகும். உண்ணியால் வரும் காய்ச்சலை அவை தடுப்பதுமில்லை.

காதை வெட்டி நிமிர்த்தித் தரும்படி கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இந்த நாய் பிறந்த ஜேர்மனியிலேயே 1987 முதல் காது வெட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது. தொங்கும் காதால் அதன் காவல் ஒரு துளியும் குறைவதில்லை.

வைத்தியராக நான் மிகவும் அஞ்சுவது இரண்டு விடயங்களை. ஒன்று, இரத்தம் உறையாமை. இந்த இனத்தில் வொன் வில்லிபிராண்ட் குறைபாடு பரவலாக உள்ளதால், கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு முன் மேலுதட்டின் உட்பக்கத்தில் ஒரு சிறு கீறலிட்டு, கசிவு நிற்க எத்தனை நிமிடம் செல்கிறது என்று கடிகாரத்தில் பார்ப்பேன். நான்கு நிமிடத்தைத் தாண்டினால் அன்று கத்தியைத் தொடமாட்டேன். சல்பா வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் டோபர்மனுக்கு மூட்டு வீக்கம் முதலிய கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதையும் மருந்து வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

மற்றது இதயம். இதயத் தசை மெலிந்து, அறைகள் விரிந்து, துடிப்பு ஒழுங்கு தப்பும் நோய் டோபர்மனை வேறெந்த இனத்தையும்விட அதிகமாகத் தாக்குகிறது. வெளித்தோற்றத்தில் ஒரு குறையுமில்லாமல் ஓடித்திரியும் நாய், ஒரு நாள் சுருண்டு விழுந்து இறந்துவிடும். "யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள்" என்று அயலவரோடு பகையானவர்களின் நாயை வெட்டிப் பார்த்தபோது, நான் கண்டது தளர்ந்த பை போல் விரிந்திருந்த இதயத்தையே. மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை இதயப் பரிசோதனை செய்வது நல்லது. இங்கு எல்லா வசதியும் இல்லை. தேவைப்பட்டால் ஏ9 வீதியில் கண்டி வரை, பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். வீட்டில் செலவில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. நாய் ஆழ்ந்து உறங்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். முப்பதைத் தாண்டுவது தொடர்ந்தால் உடனே கொண்டுவாருங்கள்.

விசுவமடு வீட்டில் புண் ஆற மூன்று கிழமை சென்றது. அவிழ்த்துவிடுவதற்கு இரண்டு மாதம் எடுத்தோம்: முதலில் வளவுக்கு உறுதியான கம்பிவலை வேலி, பிறகு தோற்பட்டியில் நடை, பிறகு விறாந்தையில் ஒரு மணி நேரம், பிறகு இரவு முழுவதும் உள்ளே. அந்நியர் வந்தால் இன்றும் உறுமும். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் பக்கத்தில் போய் நிற்கும். போன கிழமை தடுப்பூசிக்குப் போனபோது, ஐயா சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றிக் காட்டினார். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பென்சிலால் சிறிதாக ஓர் எண் இருந்தது: 22, 24, 21, 23. இரவில் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கும் நாயின் மூச்சை, ரோச் லைற்றைத் துணியால் மூடிப் பிடித்தபடி எண்ணி எழுதியிருக்கிறார்.