விஷ்ணுகிரந்தி: நீல நிறத்தை மட்டும் நம்பிப் பறிக்காதீர்கள்

மழை பெய்த சில வாரங்களில் செம்மண் கரட்டிலும் பாறை இடுக்குப் புல்லிலும் நீலப் பொட்டு வைத்ததுபோல் பூத்துக் கிடக்கும் செடி விஷ்ணுகிரந்தி. தாவரவியல் பெயர் எவால்வுலஸ் அல்சினாய்டஸ். தேடுவதானால் காலையில் போங்கள். உச்சி வெயிலில் பூ சுருங்கிவிட்டால் புல்லுக்குள் செடியே கண்ணில் படாது.

நீலப் பூவைக் கண்டதும் பறித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் அளவைப் பாருங்கள். பூ 5 முதல் 8 மி.மீ.தான், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நர்சரிகளில் இதே பெயரில் தொட்டியில் விற்கும் செடி பெரும்பாலும் பிரேசில் நாட்டு எவால்வுலஸ் குளோமெரேட்டஸ். அதன் பூ கிட்டத்தட்ட நாணயம் அளவே இருக்கும். காம்பு இல்லாததுபோல் கிளை நுனியில் நெருக்கமாகப் பூக்கும். நம் செடியில் இலை தண்டோடு சேரும் இடமான இலைக்கக்கத்திலிருந்து நூல்போன்ற காம்பு இலையைவிட நீளமாக எழுந்து பூவைத் தாங்கும்.

அடுத்து 10 மடங்கு கைலென்ஸ். பூவின் நடுவில் சூலகத்தண்டு (பூவின் பெண் உறுப்பின் இழை) இரண்டு. ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, நான்கு வெள்ளை இழைகளாகத் தெரியும். எவால்வுலஸ் பேரினத்துக்கே உரிய அடையாளம் இது. இலையிலும் தண்டிலும் பட்டுப்போன்ற மயிர் படிந்திருக்கும். தண்டு கம்பிபோல் மெலிந்து தரையில் பரவும். எதையும் சுற்றி ஏறாது, கணுவில் வேர் விடாது. கணுதோறும் வேர்விட்டு, வட்ட இலையும் வெள்ளைப் பூவுமாக இருந்தால் அது எவால்வுலஸ் நம்முலேரியஸ், அமெரிக்காவிலிருந்து வந்த களை. நீலப் பூ பூக்கும் கானாம்வாழையைப் பிரிப்பது எளிது: அதன் தண்டு நீர்ச்சத்தோடு இருக்கும், பூ மடிந்த உறைக்குள்ளிருந்து வரும்.

பூ இல்லாவிட்டால் காயைத் தேடுங்கள். காம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும். உருண்டைக் காய் நான்காக வெடிக்கும். சங்கபுஷ்பி என்ற மூலிகைப் பெயரைக் கேட்டு வாங்கினால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தப் பெயரில் விஷ்ணுகிரந்தியும் வரும், கன்வால்வுலஸ் என்ற வேறொரு பேரினச் செடியும் வரும், கொடியாக ஏறும் நம் சங்குப்பூவும் வரும். சங்குப்பூவின் காய் தட்டையான அவரைபோல இருக்கும்.

படமெடுக்கும்போது உள்ளங்கையால் பூவுக்கு நிழல் கொடுங்கள். நேர் வெயிலில் இளநீலம் வெளுத்து வெள்ளையாகப் பதியும். மேலிருந்து ஒன்று, காம்பு தெரியப் பக்கவாட்டில் ஒன்று, இலையின் மயிர் தெரிய ஒன்று. பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்து இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது.

மருந்துக்குச் சமூலம், அதாவது வேரோடு முழுச் செடி, கேட்பதால் வேரோடு பிடுங்குகிறார்கள். பல்லாண்டு வாழும் இந்தச் செடியின் கட்டை வேர் மண்ணில் இருந்தால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். பார்த்து அறிவதற்கு ஒரு பூ, ஒரு காய், ஓர் இலை போதும்; வேரைத் தொடாதீர்கள்.