ஐப்பசியில் உரியாத தோல்

மதுரைப் பக்கம் பியர்டட் டிராகன் என்ற தாடிப் பல்லியை வளர்க்கிறவர்கள் அடிக்கடி சொல்வது: “பாலைவனத்துப் பிராணிதானே, நம்ம ஊர் வெயிலே போதும், தொட்டிக்குச் சூடு தர பல்பு எதுக்கு?” சித்திரை, வைகாசியில் இந்தப் பேச்சு ஓரளவு செல்லும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் செல்லாது. விரல் நுனியில் உரியாமல் நிற்கும் தோல், வாயோரம் மஞ்சள் பொருக்கு, வயிற்றில் ஈரப்புண் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். உடனே எல்லோரும் தேடுவது களிம்பை. முதலில் தேட வேண்டியது தெர்மாமீட்டரை.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம் இந்தப் பல்லியின் ஊர். வெயில் காய்ந்து உடம்பை 35 டிகிரி செல்சியஸ் அருகே வைத்துக்கொண்டால்தான் அதன் செரிமானமும் நோய் எதிர்ப்பும் ஒழுங்காக ஓடும். தொட்டியில் அது குளிர்காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி, எதிர்முனை 25 முதல் 28, இரவில் 20க்குக் குறையாமல் இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம். மழைக்காலத்தில் நம் வீட்டுக்குள் ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது சாதாரணம்.

அந்த ஈரத்தை விரட்டத் தனியாக இயந்திரம் எதுவும் வேண்டாம். சூடான காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும். 26 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 38 டிகிரிக்குச் சூடேற்றினால், உள்ளே இருக்கும் நீராவி துளியும் குறையாமலேயே ஈரப்பதம் சுமார் 43 சதவீதமாக இறங்கிவிடும். ஆக, பல்பு சூடு தருவதோடு அந்த மூலையை உலர்த்தவும் செய்கிறது. அதை அணைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்: காற்று நசநசத்துப்போகும், பல்லியின் உடம்பும் குளிர்ந்து கிருமியோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் கிடக்கும்.

தோல் உரிவதும் வெப்பத்தை நம்பித்தான் நடக்கிறது. பழைய அடுக்குக்கு அடியில் புதிய அடுக்கு ஒன்று முழுதாக வளர்ந்த பிறகு, இரண்டுக்கும் இடையில் நிணநீரும் நொதிகளும் ஊறிப் பிடிப்பைத் தளர்த்துகின்றன. நிறம் மங்கி வெளிறித் தெரிவது அப்போதுதான். பாம்பு சட்டையை ஒரே துண்டாகக் கழற்றும். பியர்டட் டிராகன் தலை, முதுகு, கால், வால் என்று திட்டுத் திட்டாக உரிக்கும். குட்டிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும், வளர்ந்தவை வருடத்தில் சில தடவைதான். உடம்பு குளிர்ந்திருந்தால் இந்த வேலை பாதியில் நின்றுவிடும். தீனியும் தண்ணீரும் குறைந்து உடம்பு வற்றியிருந்தாலும் அப்படித்தான்; மழைக்குளிரில் சுருண்டு கிடக்கும் பல்லிக்கு இரண்டும் ஒன்றாகவே வரும்.

முதுகில் ஒட்டியிருக்கும் பழைய தோலுக்குக் கவலை வேண்டாம், தானாக விழும். விரலும் வால் நுனியும்தான் ஆபத்து. அங்கே நிற்கும் தோல் வளையமாகக் காய்ந்து சுருங்கும். ஒரு வளையத்தின் மேல் அடுத்த உரிப்பின் வளையமும் சேரும். இரத்த ஓட்டம் நெரிபட்டு நுனி முதலில் வீங்கும், பிறகு கருத்து, காய்ந்து, உதிரும். கருத்த பகுதி திரும்பி வராது. அதனால் ஒவ்வொரு உரிப்பு முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் கால் விரல் ஒவ்வொன்றையும், நகத்தின் அடி வரை, பாருங்கள்.

வளையம் இருந்தால் அகலமான பேசினில் 30 டிகிரி சூட்டுத் தண்ணீரை அதன் தோள் மட்டத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் நிற்கவிடுங்கள். கூடவே இருக்க வேண்டும், தண்ணீர் ஆறினால் மாற்ற வேண்டும். பிறகு மென்மையான டூத் பிரஷால் விரலின் அடியிலிருந்து நுனி நோக்கித் தேயுங்கள். வராவிட்டால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். பிய்த்தால் முதிராத புதுத்தோலும் சேர்ந்து வரும், அந்தப் பச்சைப் புண் வழியாகத்தான் பூஞ்சை நுழையும். குளிப்பாட்டிய பிறகு தாடி மடிப்பு, அக்குள் எல்லாம் துணியால் ஒற்றி எடுத்து, பல்புக்கு அடியில் விடுங்கள். ஈரத்தோடு படுக்கவிடவே கூடாது. அந்த பேசின் சமையலறைக்குத் திரும்பவும் கூடாது. ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம்.

தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் கை தானாகப் போகிற வைத்தியம். தொட்டித் தூசியையும் கழிவையும் அது தோலோடு ஒட்டவைக்கும். 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் மார்கழி இரவில் செதிலிடுக்கில் கட்டியாகவும் நிற்கும். மஞ்சள் இன்னும் வம்பு, ஏனென்றால் மருத்துவர் பார்க்க வேண்டிய நிறத்தையே மறைத்துவிடும். டெட்டால் வேண்டவே வேண்டாம், பீனால் வகை மருந்து ஊர்வனவற்றுக்கு நஞ்சு. சின்னச் சிராய்ப்பு என்றால் 5 சதவீத போவிடோன் அயோடின் 5 மில்லியை 100 மில்லி தண்ணீரில் கலந்து, பால் ஊற்றாத இளம் டீ நிறத்தில் வைத்துக்கொண்டு ஒற்றினால் போதும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது மஞ்சள் பூஞ்சை நோய். நன்னிசியோப்சிஸ் குவாரோய் என்ற பூஞ்சை இதற்குக் காரணம். மஞ்சளோ பழுப்போ ஆன பொருக்கு, பெரும்பாலும் முகத்திலும் கால்களிலும் தொடங்கும். சாதாரண உரிப்பில் பழைய தோல் போனால் அடியில் பளிச்சென்ற செதில் இருக்கும். இதில் செதிலே கழன்று அடியில் சிவந்த புண் தெரியும், அடுத்தடுத்த உரிப்பில் அது அகலமாகும். மேலோடு நிற்காமல் தசைக்கும் எலும்புக்கும் இறங்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் என்பதால் சந்தேகம் வந்த அன்றே தனியாகப் பிரித்துவிடுங்கள். குட்டிகளின் வயிற்றில் தெரியும் கருத்த கோடுகளைப் பார்த்துப் பதற வேண்டாம். அது மிரட்சியில் வருவது, சூடேறி அமைதியானால் மங்கும்.

கண்ணால் பார்த்து மட்டும் இந்தப் பூஞ்சையை உறுதி செய்ய முடியாது. தோலில் சிறு துண்டு எடுத்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்; மதுரையில் அமையாவிட்டால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். வோரிகோனசோல் போன்ற வாய்வழி மருந்து பல வாரம் தொடரும், அளவு உடல் எடையைப் பொறுத்தது. மனிதருக்கான படர்தாமரைக் களிம்பு இங்கே உதவாது, அதிலும் ஸ்டீராய்டு கலந்தது கெடுதல்.

வயிற்றில் பழுப்புத் திட்டு என்றால் பெரும்பாலும் தீக்காயம். மின்சாரத்தில் சூடேறும் கல் வைத்த தொட்டியில் இது அதிகம். கோடையில் அறையே 36 டிகிரி இருக்கும்போது மழைக்காலப் பல்பை அப்படியே எரியவிட்டாலும் நடக்கும்; அப்போது குறைந்த வாட் பல்புக்கு மாறுங்கள். வெந்த இடம் முழுதாகத் தெரிய சில நாள் ஆகும்.

மழைக்காலத்துக்கு முன்பே வைகை மணலை எடுத்துவிட்டு டைல்ஸ் போடுங்கள். மணல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மரக்கட்டையில் பூஞ்சை ஏறினால் தூக்கி எறிவதுதான் வழி. டைல்ஸையும் கண்ணாடியையும் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, வாடை போக அலசி வெயிலில் காயவையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பல்புக்கு எதிர்முனைக்குத் தள்ளுங்கள். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளில் வெயில் எட்டிப் பார்த்தால், கம்பிக் கூண்டில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாம். பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும், காகமும் பூனையும் அண்டாமல் ஆள் நிற்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும், போதாக்குறைக்குக் கண்ணாடி, பல்லிக்குத் தேவையான புற ஊதா பி கதிரையும் மறித்துவிடும்.