ஆல்பம் வந்தது, குடி போகவில்லை

போதையிலிருந்து மீண்ட இசைக்கலைஞர் என்றால் பலருக்கும் எரிக் கிளாப்டன் பெயர்தான் நினைவுக்கு வரும். போதை மீட்பு சிகிச்சைக்கு வரும் குடும்பங்களிடம் நானும் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆனால் வேறு காரணத்துக்காக.

1970களின் தொடக்கத்தில் ஹெராயினில் மூழ்கி, மேடைப் பக்கம் அதிகம் வராமல் இருந்தார். 1973 ஜனவரியில் 'தி ஹூ' ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் லண்டனில் கச்சேரி ஏற்பாடு செய்து அவரை இழுத்து வந்தார். 1974இல் சிகிச்சை எடுத்து ஹெராயினை விட்டார். அதே ஆண்டு '461 ஓஷன் புலவார்ட்' என்ற ஆல்பம் வெளியானது. ஃப்ளோரிடாவில் தங்கியிருந்த வீட்டின் முகவரியையே தலைப்பாக வைத்திருந்தார். ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம். ஆள் மீண்டுவிட்டார் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்?

ஹெராயின் காலி செய்த இடத்தில் குடி வந்து உட்கார்ந்துவிட்டது. 1982இல் மினசோட்டாவிலுள்ள ஹேசல்டன் போதை மீட்பு மையத்தில் சேர்ந்தார். வெளியே வந்து மறுபடி குடித்தார். 1987இல் திரும்பவும் அங்கேயே போனார். அப்புறம்தான் நின்றது. அந்த ஆல்பம் வந்து 13 வருடம் ஆகியிருந்தது. இடையில் ஆல்பங்களும் சுற்றுப்பயணங்களும் நடந்துகொண்டேதான் இருந்தன.

"பவுடரை விட்டுட்டான் டாக்டர், இப்ப பீர் மட்டும்தான். வேலைக்கும் போறான்" என்று நிம்மதியாகச் சொல்லும் அம்மாக்கள் நிறைய. வேலைக்குப் போவது நல்ல விஷயம்தான், ஆனால் அதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. காலையில் கை நடுங்குகிறதா, குடிக்காமல் தூக்கம் வருகிறதா, போன மாதத்தைவிட அளவு கூடியிருக்கிறதா என்றுதான் கேட்பேன். தூக்கமின்மை, பதற்றம், வெறுமை எல்லாம் ஹெராயினை விட்ட பிறகும் கொஞ்ச காலம் இருக்கும். அதற்கு மருந்தாகத்தான் பலர் பாட்டிலைத் திறக்கிறார்கள்.

சரி, குடியையும் நிறுத்தலாம் என்று குடிப்பவரை அறையில் பூட்டி வைக்காதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அதன்பின் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ஹெராயினில் ஆபத்து வேறு மாதிரி: சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது, மூச்சு நின்றுவிடலாம்.

மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்றால், "போன தடவை கட்டின காசெல்லாம் வீண்" என்ற சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி சிகிச்சைக்குக் கூட்டி வாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.